கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குதல்: இமாச்சலத் தீர்மானமும் நம் பக்கத்து நிலைமையும்

கண்டனூர் கணக்கர் எழுதியது:

இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மருந்துக்கும், நார், விதை போன்ற தொழிற்பயன்பாட்டுக்கும் கஞ்சாச் செடியைக் கட்டுப்பாட்டுடன் பயிரிடலாம் என்று வருவாய்த்துறை அமைச்சர் ஜகத் சிங் நேகி தலைமையிலான குழு அளித்த பரிந்துரையை அது ஏற்றுக்கொண்டது. 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌனி ஆகிய இரு பல்கலைக்கழகங்களைக் கொண்டு சோதனை ஆய்வு நடத்த அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நடந்தது இவ்வளவுதான். ஆனால் காரைக்குடி ஐந்துவிளக்கருகே தேநீர் குடிப்பவர் முதல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுபவர் வரை, வடக்கே கஞ்சாவைத் திறந்துவிட்டார்கள், அடுத்து இங்கே டாஸ்மாக் கடையில் வைத்து விற்பார்கள் என்றே பேசுகிறார்கள்.

இந்தப் பேச்சில் நான்கு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. போதைச்சத்து மிகக் குறைந்த வகையை நாருக்காகப் பயிரிடுவது முதலாவது. மருந்து தயாரிக்க அனுமதிப்பது இரண்டாவது. கையில் சிறிதளவு வைத்திருந்தவரைக் குற்றவாளியாக்காமல் விடுவது மூன்றாவது. கடை திறந்து, வரி வாங்கி விற்பது நான்காவது. முதலாவதை ஆதரித்தவரை நான்காவதுக்கும் ஆதரவாளர் என்று காட்டுவது எதிர்ப்பவர்களுக்கு வசதியாக இருக்கிறது. முதல் இரண்டையும் முன்னால் நிறுத்தி, அவற்றின் மறைவில் நான்காவதைக் கொண்டுவருவது ஆதரவுப் பிரசாரகர்களுக்கு வசதியாக இருக்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதை நான் ஆதரிக்கிறேன், நான்காவதை எதிர்க்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதைக் குறிப்பிட்டு எழுதினால் விவாதம் பயன்படும்.

தேவகோட்டை வழக்குரைஞர் எழுதியது:

கணக்கர் ஐயாவின் மூன்றாவது கேள்வியைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. தண்டனையைக் குறைக்க வேண்டுமென்றாலும் கூட்ட வேண்டுமென்றாலும் அங்கேதான் செய்ய வேண்டும். பயிரிடுவதற்கு உரிமம் தருவது, விதி வகுப்பது போன்றவை மட்டுமே 10-ஆவது பிரிவின்படி மாநிலத்தின் கையில் இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிதான். நுனியோடு சேராத இலையும் விதையும் அதற்குள் வருவதில்லை. வடமாநிலங்கள் சிலவற்றில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கு என்பதை விற்கும் கடைகள் அரசு உரிமத்துடன் நடப்பதற்கு இந்த விலக்கே காரணம். போதைப்பொருள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையிலும் இலை இப்படி விலக்கப்பட்டதற்கு இந்தியாவின் வற்புறுத்தல் ஒரு முக்கியக் காரணம்.

அளவுகளைக் கவனியுங்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறு அளவு, 20 கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. சிறு அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டு வரை. வணிக அளவுக்குக் குறைந்தது பத்தாண்டு, கூடினால் இருபதாண்டு. வணிக அளவு வழக்கில் 37-ஆவது பிரிவு பிணையை அநேகமாக எட்டாத இடத்தில் வைத்துவிடுகிறது.

உட்கொண்டவருக்கென்று 27-ஆவது பிரிவு தனியாக உண்டு. கஞ்சாவைப் பொறுத்தவரை அதில் தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டாது. ஆனால் சட்டைப்பையில் பொட்டலத்தோடு பிடிபடும் மாணவர்மீது வழக்கு பெரும்பாலும் 20-ஆவது பிரிவில்தான் பதிவாகிறது. சிறு அளவு வைத்திருந்தவரையும் அதே அளவை விற்றவரையும் அந்தப் பிரிவு பிரித்துப் பார்ப்பதில்லை. எனவே நம் சட்டம் பயனாளியையும் வியாபாரியையும் வேறுவேறாக நடத்துகிறது என்று யாராவது சொன்னால், ஏட்டில் அது பாதி உண்மை; காவல் நிலையத்தில் அவ்வளவுகூட இல்லை.

இதனால் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வரும் கேடு சிறைத்தண்டனையைவிடக் கடவுச்சீட்டில்தான் அதிகம். குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டை மறுக்க 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இடமளிக்கிறது. நீதிமன்ற அனுமதி பெற்று வாங்கலாம்தான். அதற்குள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்து வந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஐம்பது கிராமுக்கு அபராதம் சில ஆயிரம் ரூபாய். உண்மையான தண்டனை வழக்கு இழுத்துக்கொண்டு போகும் ஆண்டுகள்.

புதுவயல் ஆலைக்காரர் எழுதியது:

வழக்குரைஞர் அண்ணன் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். ஒரு கிலோ என்பது சிறு அளவா? அதை ஐந்து கிராம் பொட்டலமாகக் கட்டினால் 200 பொட்டலம் வரும். பள்ளிக்கூட வாசலில் நின்று விற்பவன் ஒரு நாளும் ஒரு கிலோவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதில்லை. பயனாளியை விடுவிக்கிறோம் என்று சட்டத்தைத் தளர்த்தினால், விற்பவன் எல்லாரும் மறுநாளே பயனாளி ஆகிவிடுவான். எனவே மூன்றாவது கேள்விக்கும் என் பதில் வேண்டாம் என்பதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆலைகளில் வேலை செய்யும் வெளிமாநிலத்தார்மீது பழிபோடும் வழக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. சரக்கு ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருகிறது என்பது உண்மை. அதை இங்கே பணம் போட்டு வாங்கி, தெருத்தெருவாகப் பிரித்து விற்பவர்கள் நம்மூர்க்காரர்கள் என்பதும், தொண்டி, மீமிசல் கடற்கரை வழியாக இலங்கைக்குக் கடத்தும் வியாபாரம் இதைவிடப் பெரியது என்பதும் உண்மையே.

பள்ளத்தூர் மருத்துவர் எழுதியது:

மனநல மருத்துவம் பார்க்கும் முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன். மத்தியச் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ளவர்களில் 2.8 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 3.1 கோடிப் பேர், ஓராண்டுக்குள் கஞ்சாச் செடியிலிருந்து வந்த ஏதோ ஒன்றை உட்கொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் பாங்கு உண்டவர்கள். மது அருந்தியவர்கள் 14.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்காமல் போதைக் கொள்கை பேசுவது வீண்.

ஆதரவாளர்கள் இணையத்தில் எழுதுவதுபோல் இது வெறும் மூலிகை அன்று. பதின்ம வயதில் தொடங்கி நாள்தோறும் புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. போதைச்சத்து கூடுதலாக உள்ள வகைகளில் ஆபத்தும் கூடுதல். குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. எனவே நான்காவது கேள்விக்கு ஆலைக்காரர் ஐயாவைப் போலவே நானும் எதிர்ப்பு.

மூன்றாவதில் அவரோடு உடன்பட முடியவில்லை. என்னிடம் வரும் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் மறைத்துவைத்த பிறகே வருகின்றன. மருத்துவரிடம் போனால் காவல்துறைக்குத் தெரிந்துவிடும், பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும், பையனின் வேலை போய்விடும் என்ற அச்சமே முதல் தடை. போர்த்துகல் 2001-இல் கடைகளைத் திறக்கவில்லை. எந்தப் போதைப்பொருளையும் சட்டபூர்வமாக்கவும் இல்லை. பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவோடு பிடிபட்டவரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், சமூகப் பணியாளரும் உளவியலாளரும் சட்டம் அறிந்தவரும் அமர்ந்த குழுவின் முன் அனுப்பியது. அப்படியொரு குழு சிவகங்கையில் இருந்தால் என் வேலை பாதியாகக் குறையும்.

காவல்துறை கஞ்சா வேட்டையைத் தீவிரப்படுத்தும்போது இளைஞர்கள் எதை நோக்கி நகர்கிறார்கள் என்பதையும் யாராவது பார்க்க வேண்டும். டிரமடால் என்ற வலிநிவாரணி 2018-இல் நம் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்ட பின், டேபென்டடால் என்ற இன்னொரு வலிநிவாரணி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டு நகரங்களில் பரவியது. அதனால் வரும் இரத்தத் தொற்றும் மரணமும் கஞ்சாவில் இல்லை. கஞ்சாவை ஆதரிக்க இதைச் சொல்லவில்லை. ஒரு வாசலை மட்டும் அடைத்துவிட்டு வெற்றி அறிவிப்பதை ஏற்க முடியவில்லை.

கடல்தாண்டி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் கோட்டையூர். பாட்டனார் காலத்தில் கொண்டுவிற்கப் போன ஊர்களில் இன்று ஒன்றுக்கொன்று நேர்மாறான சட்டங்கள் இருப்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சாவைக் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். தேவகோட்டையில் சிறு அளவின் எல்லையில் நிற்கும் எடை, இங்கே சாங்கிச் சிறையில் தூக்குமேடைக்குக் கொண்டுபோகும். பாலத்துக்கு அப்பால் மலேசியா அதே ஆண்டு ஜூலையில் கட்டாய மரண தண்டனையை நீக்கி, தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது.

இதில் அரசியல் எப்படி விளையாடும் என்பதற்குத் தாய்லாந்துதான் பாடம். பூம்ஜாய்தாய் கட்சி 2019 தேர்தலில் கஞ்சாவை ஏழை விவசாயிக்கு வருமானம் தரும் பயிர் என்று சொல்லி வாக்குக் கேட்டது. அதன் தலைவர் அனுதின் சார்ன்விராகுல் சுகாதார அமைச்சரானார். 2022 ஜூன் 9-இல் செடி போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் சிக்கிக்கொண்டது. அது வருமுன் ஆயிரக்கணக்கில் கடைகள் வந்துவிட்டன. மருந்து என்று தொடங்கியது சுற்றுலாத் தெருக்களில் இனிப்புக்கடைபோல் நடந்தது. 2025 ஜூனில் அந்தக் கட்சி கூட்டணியை விட்டு விலகிய சில நாட்களிலேயே, சுகாதார அமைச்சர் மருத்துவச் சான்று இல்லாமல் பூவை விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். அடுத்த மூன்று மாதத்துக்குள் அனுதின் பிரதமரே ஆனார். மக்கள் நலம் பற்றிய எந்தப் புதிய ஆராய்ச்சியும் அந்த ஜூன் மாதத்தில் வெளிவந்து கொள்கையை மாற்றவில்லை. கூட்டணிக் கணக்கு மாறியது, சட்டமும் மாறியது. கடன் வாங்கிக் கடை வைத்தவர்களும் செடி வளர்த்தவர்களும் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தவர் வெளியில் 25 கிராமும் வீட்டில் 50 கிராமும் வைத்திருக்கலாம், மூன்று செடி வளர்க்கலாம். ஆனால் கடை கிடையாது. கணக்கர் ஐயாவின் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்றும் நான்காவதுக்கு இல்லை என்றும் ஒரு நாடு ஏறக்குறையச் சொல்லியிருக்கிறது.

மேலவீதி எழுதியது:

நல்ல உதாரணங்கள். ஆனால் தமிழ்நாட்டில் எந்தக் கட்சியும் இதைத் தொடாது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். இங்கே போதை பற்றிய அரசியல் முழுவதும் மதுவைச் சுற்றிக் கட்டப்பட்டது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971-இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது, 1974-இல் மீண்டும் வந்தது, எம்.ஜி.ஆர். காலத்தில் 1981-இல் மறுபடி தளர்ந்தது, 2003-இல் சில்லறை விற்பனையை அரசே எடுத்துக்கொண்டது என்று இந்த வரலாறு எல்லாருக்கும் தெரியும். 2016 தேர்தலில் இரு பெரிய கட்சிகளும் மதுவிலக்கை வாக்குறுதியாகத் தந்தன. 2023–24-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. இந்த வருவாயை விட முடியாத அரசு எதுவாக இருந்தாலும், போதைக்கு எதிரானது என்று காட்டிக்கொள்ள அதற்கு வேறொரு பொருள் தேவைப்படுகிறது. கஞ்சா அந்த இடத்தை நிரப்புகிறது. ‘கஞ்சா வேட்டை’ 2.0, 3.0, 4.0 என்று திரைப்படத் தொடர்ச்சிகள்போல் காவல்துறை பெயர் சூட்டியது தற்செயல் அன்று. எதிர்க்கட்சியாக இருப்பவர்கள் தெருவெல்லாம் கஞ்சா என்பார்கள், ஆளுங்கட்சியாக இருப்பவர்கள் இத்தனை ஆயிரம் பேரைக் கைது செய்தோம் என்பார்கள். நாற்காலி மாறும்போது வசனமும் இடம் மாறும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அப்போதும் பேச்சு சில வாரங்களில் கைது எண்ணிக்கைக்குத் திரும்பிவிட்டது.

டெல்லியின் இரட்டை வேடமும் குறைந்ததன்று. 2020 டிசம்பர் 2-இல் ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்தில், கஞ்சாவை மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து நீக்கும் தீர்மானம் 27-க்கு 25 என்ற வாக்கில் வென்றது. ஆதரித்த 27 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அதே ஆண்டு செப்டம்பரில், பழைய வாட்ஸ்அப் உரையாடல்களைத் தொலைக்காட்சிகள் இரவுபகலாக வாசித்துக்கொண்டிருக்க, போதைப்பொருள் வழக்கில் ஒரு நடிகையை ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். வெளிநாட்டு மேடையில் விஞ்ஞானம், உள்நாட்டில் வேடிக்கை.

நாடாளுமன்றத்துக்குள் குரலே எழவில்லை என்பதும் இல்லை. பாட்டியாலா உறுப்பினராக இருந்த தரம்வீர் காந்தி 2016-இல் இந்தச் சட்டத்தைத் திருத்தத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2017-இல் மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி மருத்துவப் பயன்பாட்டை அனுமதிக்கலாம் என்றார். இரண்டும் அப்படியே நின்றன. இதைவிடப் பழைய செய்தி ஒன்று: மதுவிலக்கு ஆர்வலர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுப்பிய கேள்வியால் 1893-இல் அமைந்த இந்தியக் கஞ்சா ஆணையம், மதராஸ் மாகாணம் உட்பட நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்து ஏழு தொகுதிகளில் அறிக்கை தந்தது. அளவான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது அதன் முடிவு. வரி வருமானத்தில் ஆசை வைத்திருந்த ஓர் அரசுக்கு அது இனித்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆதரவாளர்கள் அந்த அறிக்கையை வேதம்போல் எடுத்துக் காட்டும்போது எனக்குத் தயக்கம் வருவது அதனால்தான்.

நெறியாளர் குறிப்பு:

சரக்கு எங்கே கிடைக்கும், என்ன விலை என்ற வகையில் வந்த இரு மறுமொழிகள் நீக்கப்பட்டுள்ளன.

கல்லல் மானாவாரி எழுதியது:

எனக்கு முதல் கேள்வி மட்டும்தான். மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடும் நிலம். கண்மாய் நிரம்பாத ஆண்டில் வயிறும் நிரம்பாது. உத்தராகண்டில் 2018 முதலே நார்க்கஞ்சாவுக்கு உரிமம் தருகிறார்கள் என்று படித்தேன். நம் மாவட்டத்தில் பயிரிட முடியுமா? தைலமரத்தைப் போட்டால் பணம் கொட்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அது நிலத்தடி நீரைக் குடித்ததுதான் மிச்சம். எனவே முன்கூட்டியே கேட்டுவைக்கிறேன்.

தேவகோட்டை வழக்குரைஞர் எழுதியது:

மானாவாரி அண்ணனுக்கு: இப்போது முடியாது. சட்டத்தின் 14-ஆவது பிரிவு நார், விதை ஆகியவற்றுக்காகப் பயிரிட வழி வைத்திருக்கிறது. அதைக் கொண்டே உத்தராகண்ட் போதைச்சத்து 0.3 விழுக்காட்டைத் தாண்டாத விதைக்கு மட்டும் உரிமம் தருகிறது. தமிழ்நாடு அப்படியொரு முறையை வகுக்கவில்லை. உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் பத்தாண்டு வரை தண்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. உரிமம் வந்தாலும், நாரைப் பிரிக்கும் ஆலை பக்கத்தில் இல்லாத ஊரில் தண்டை என்ன செய்வீர்கள் என்பதை முதலில் கேளுங்கள். கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. அந்தச் சந்தையும் இன்னும் சிறியதுதான்.

இரண்டாவது கேள்விக்கும் ஒரு வரி. சித்த மருத்துவத்தில் கஞ்சா புதியதன்று. மருந்துகள் சட்டத்தின் விதிகளில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் உட்கொள்ள வேண்டிய நச்சுச் சரக்குகளின் சித்தப் பட்டியலில் எட்டி, ஊமத்தை, சேராங்கொட்டை ஆகியவற்றோடு கஞ்சாவும் இருக்கிறது. எனவே மருந்தாக அனுமதிப்பதா என்ற விவாதம் பாதி முடிந்துபோன விவாதம்.

ஆலைக்காரர் அண்ணனின் ஐயம் நியாயமானது. ஒரு கிலோ எல்லை மிகத் தாராளம். பயனாளியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் எந்தத் திருத்தமும் அந்த எல்லையைச் சில கிராம்களுக்குக் குறைத்த பிறகே வர வேண்டும். அதே வேளையில் கடுமையான சட்டம் இருப்பதாலேயே விற்பவர் தண்டிக்கப்படுகிறார் என்றும் நம்ப வேண்டாம். 2020-இல் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு வழக்கில், விசாரணை அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தை ஒப்புதலாகக் கொண்டு தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சான்றுகளை முறையாகச் சேர்க்காத வழக்குகள் நிற்பதில்லை. சென்னையில் 2023-இல் பறிமுதல் செய்த கஞ்சாவின் பெரும்பகுதியை எலிகள் தின்றுவிட்டதாகக் காவல்துறை சொல்ல, குற்றம் சாட்டப்பட்ட இருவர் விடுதலையானார்கள். அந்த எலிகள்மீது எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று சட்டம் சொல்லவில்லை.

நடைமுறையில் உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 64ஏ பிரிவின்படி, சிறு அளவு வழக்கில் சிக்கிய, அடிமைப்பட்ட ஒருவர் தாமாக முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையை முடிக்காமல் விட்டால் அந்த விலக்கு போய்விடும். இதைக் கேட்டு வாங்கிய குடும்பம் நம் பக்கத்தில் மிக அரிது. இப்படியொரு பிரிவு இருப்பதையே யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

கண்டனூர் கணக்கர் எழுதியது:

அப்படியானால் கட்சிகளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனுவும், மத்தியச் சட்டம் என்பதால் சிவகங்கை நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு மனுவும் எழுதலாம். ஆட்சியரிடம் கேட்பது: சிறு அளவோடு முதன்முறை பிடிபடும், 25 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொருவருக்கும் 64ஏ பிரிவைக் காவல் நிலையத்திலேயே எழுத்தில் தெரிவித்து, அரசு மருத்துவமனைக்கு வழிகாட்ட வேண்டும். உறுப்பினரிடம் கேட்பது: 20-ஆவது பிரிவில் வைத்திருத்தலையும் விற்றலையும் பிரித்து, சிறு அளவின் எல்லையையும் குறைக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

பள்ளத்தூர் மருத்துவர் எழுதியது:

வயது வரம்பை எடுத்துவிடுங்கள். நாற்பது வயதுக் கொத்தனாருக்கும் இதே சிகிச்சைதான், இதே அச்சம்தான். வழிகாட்ட வேண்டும் என்று எழுதினால் மட்டும் போதாது. வாரத்தில் எந்த நாளில், எந்த மருத்துவமனையில், யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம் அந்தத் தாளில் அச்சாகியிருக்க வேண்டும் என்றும் கேளுங்கள்.

மேலவீதி எழுதியது:

மருத்துவர் ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். உறுப்பினருக்கான மனுவில் சட்டபூர்வமாக்குதல் என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் மறுநாள் உள்ளூர்ச் செய்தியில் கஞ்சா கேட்டு மனு என்றுதான் தலைப்பு வரும்.

புதுவயல் ஆலைக்காரர் எழுதியது:

பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பவனுக்கு இந்த மனுவால் ஒரு துளி சலுகையும் இல்லை என்று எழுதினால் மட்டுமே நான் கையெழுத்திடுவேன்.

தேவகோட்டை வழக்குரைஞர் எழுதியது:

அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது அண்ணே. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 77-ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 78-ஆவது பிரிவு, குழந்தையை வைத்து விற்பவரையும் கடத்துபவரையும் அதேபோல் தண்டிக்கிறது. எடை எவ்வளவு என்ற கேள்வியே அங்கே எழாது. நம் மனு அந்தப் பிரிவுகளைத் தொடவில்லை.

புதுவயல் ஆலைக்காரர் எழுதியது:

அந்த இரண்டு பிரிவுகளையும் மனுவின் முதல் பத்தியிலேயே சேருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆலையில் உள்ளவர்களிடமும் கேட்டுப் பார்க்கிறேன். நான்காவது கேள்வி எந்தக் கட்சியின் கையில் வந்தாலும் அன்று நான் எதிர்ப்பக்கத்தில்தான் இருப்பேன் என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன்.